முழங்கை அறுவைச் சிகிச்சையும் கை நரம்புகளின் பாதுகாப்பும்

தோட்டத்தில் பணிபுரிவோர்க்குக் கையே முதல். பால்வெட்டுக் கத்தியைப் பட்டையில் ஆழம் மீறாமல் ஓட்டுவதற்கும், மங்கிலுள்ள பாலை வாளியில் வழித்து ஊற்றுவதற்கும், நிறைந்த வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டு செல்வதற்கும் விரல்கள் மூளையின் கட்டளைக்கு உடனே பணிய வேண்டும். அக்கட்டளையைச் சுமந்து செல்பவை நரம்புகள். தோளிலிருந்து இறங்கி வரும் மூன்று பெரிய நரம்புகளும் முழங்கை என்னும் குறுகிய இடத்தைக் கடந்துதான் கைக்குச் செல்கின்றன. ஆதலின் முழங்கையில் ஏற்படும் முறிவும், அதனைச் சீராக்கச் செய்யப்படும் அறுவையும் நரம்புகளை நெருங்கியே நிகழ்கின்றன.

மழை நாளில் மேட்டு நிரையில் வழுக்கி விழுதல், மோட்டார் சைக்கிள் விபத்து, பிள்ளைகள் ரம்புத்தான் மரத்திலிருந்து கையை ஊன்றி விழுதல் ஆகியவற்றால் முழங்கை முறிவதுண்டு. அவ்வேளையில், "அறுவை செய்தால் நரம்பை வெட்டிவிடுவார்கள், கை விளங்காமல் போய்விடும்" என்று கூறி, எண்ணெய் போட்டு நீவவும் பத்தை வைத்துக் கட்டவும் அழைத்துச் செல்வோர் இன்றும் உள்ளனர். இந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. முழங்கை அறுவையில் நரம்புக்கு ஊறு நேரக்கூடும் என்பதை மருத்துவர்களே அறிவர். அதனைத் தடுக்கப் பல முறைகளையும் வகுத்துள்ளனர். அம்முறைகள் எவை என்பதையும், அவை பயன்தர நோயாளியும் குடும்பத்தாரும் செய்ய வேண்டுவன எவை என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

மூன்று நரம்புகள்

முதலாவது, சுண்டுவிரல் பக்கத்து நரம்பு. மருத்துவர் இதனை அல்னார் நரம்பு என்பர். முழங்கையின் உட்புறத்தில் புடைத்து நிற்கும் எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே கீழாக இது செல்கிறது. கதவு நிலையில் முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்ச்சி உண்டாவது இந்நரம்பு தாக்கப்படுவதால்தான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் இது உணர்ச்சி தருகிறது. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளுள் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இதுவே. இது கெட்டால் கத்தியின் பிடி தளரும்.

இரண்டாவது, மீடியன் எனப்படும் நடு நரம்பு. முழங்கையின் முன்புறத்தில் கையின் பெரிய இரத்தக் குழாயை ஒட்டிச் செல்வது இது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் மறுபாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கத்திற்கு உணர்ச்சி தருகிறது. இதன் கிளை ஒன்று கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் மடக்குகிறது.

மூன்றாவது, ரேடியல் எனப்படும் வெளிப்புற நரம்பு. மேற்கை எலும்பைப் பின்புறமாகச் சுற்றி, முழங்கையின் வெளிப்பக்கமாக முன்னால் வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கட்டைவிரலின் அடிப்பகுதியில் புறங்கைக்கு உணர்ச்சி தருகிறது. மற்றொரு கிளை, முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் கழுத்தைச் சுற்றித் தசைக்குள் நுழைந்து, விரல்களை நீட்டும் தசைகளை இயக்குகிறது.

இம்மூன்றையும் தவிரத் தோலடியில் மெல்லிய நரம்பிழைகள் பல ஓடுகின்றன. தோலைக் கீறும்போது அவற்றுள் சில அறுபடலாம். அதனால் தழும்பைச் சுற்றிச் சிறிதளவு மரத்துப்போகக்கூடும். விரல்களின் இயக்கம் கெடாது.

ஊறு நேரும் வழிகள்

நரம்பு வெட்டப்படுவது ஒன்றே ஆபத்து என்று பலர் கருதுகின்றனர். வெட்டுப்படாமலும் நரம்பு கெடுவதுண்டு. கருவி கொண்டு நெடுநேரம் விலக்கிப் பிடித்தால் அது இழுபடும். எலும்பில் செலுத்தும் கம்பியோ திருகாணியோ அதனைக் குத்தலாம் அல்லது அழுத்தலாம். இரத்தப் போக்கை நிறுத்த மேற்கையில் கட்டப்படும் காற்றுப் பட்டை அளவுக்கு மீறி இறுகினாலும், கையை மேசையில் தவறான நிலையில் வைத்தாலும் அழுத்தம் ஏற்படும். அறுவைக்குப் பின் உண்டாகும் வீக்கமும், இறுக்கமான மாவுக்கட்டும் கூட நரம்பை நெருக்கும்.

இவற்றோடு மற்றொன்றையும் மறத்தலாகாது. பல வேளைகளில் நரம்பு கெடுவது அறுவையால் அன்று. விழுந்த வேகத்தில் உடைந்த எலும்பின் முனை நரம்பை முன்னரே தாக்கியிருக்கும். அறுவைக்கு முன் விரல்களின் நிலை சோதிக்கப்படாவிட்டால், பின்னர் காணும் குறை எப்போது நேர்ந்தது என்பதை எவராலும் சொல்ல இயலாது. குறை எப்போது நேர்ந்தது என்று தெரிந்தால்தான் மருத்துவர் அடுத்த முடிவைத் தெளிவாக எடுக்க முடியும். எனவே நரம்புப் பாதுகாப்பு அறுவைக்கு முந்திய சோதனையிலேயே தொடங்குகிறது.

அறுவை மருத்துவர் கையாளும் முறைகள்

இரத்தத்தைத் தடுத்து நிறுத்தி அறுவை செய்யும் வழக்கம் பழையது. ஜெர்மானிய மருத்துவர் எஸ்மார்க் 1873ஆம் ஆண்டில் ரப்பர்க் கட்டைச் சுற்றி இதனைச் செய்யும் முறையை வெளியிட்டார். அழுத்தம் எவ்வளவு என்று அளக்க இயலாத அக்கட்டு நரம்புகளைக் கெடுப்பதுண்டு. 1904ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் காற்றடைத்த பட்டையைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அதில் அழுத்தத்தை அளந்து வைக்க முடியும். அகலமான பட்டை, தேவையான அளவு அழுத்தம், இரண்டு மணி நேரத்திற்கு மேற்படாத காலம் ஆகியவை இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்புகள்.

கையை மேசையில் வைக்கும்போது எலும்பு முனைகளுக்கு அடியில் மெத்தை வைக்கின்றனர். தோலைக் கீறுமுன் எலும்பு முனைகளையும் அல்னார் நரம்பின் பாதையையும் மையால் வரைந்துகொள்கின்றனர். இந்நரம்பு எல்லோரிடமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நூற்றுக்குப் பதினாறு பேருக்கு முழங்கையை மடக்கும்போது அது எலும்பு முனையின் மேலோ அதனைத் தாண்டியோ முன்னால் வழுக்குகிறது என 1956ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆதலின் மருத்துவர் முழங்கையை மடக்கியும் நீட்டியும் விரலால் தடவிப் பார்க்கிறார்.

முழங்கையின் உட்புறமோ பின்புறமோ திறந்து தகடு பொருத்தும் பெரிய அறுவைகளில், அல்னார் நரம்பை முதலில் தேடிக் கண்டு, அதனைச் சூழ்ந்த திசுக்களிலிருந்து மெல்ல விடுவித்து, மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கன் நாடாவை வளையமாக இட்டு அடையாளப்படுத்துகின்றனர். நரம்பு கண்முன் இருக்கும்போது அதனைத் தவிர்ப்பது எளிது. ஆனால் அந்நாடாவில் கனமான இடுக்கியைத் தொங்கவிடலாகாது. அக்கனமே நரம்பை இழுத்துவிடும். வேலை முடிந்ததும் முழங்கையை மடக்கி நீட்டி, நரம்பு தகட்டிலோ திருகாணியிலோ உராய்கிறதா என்று பார்க்கின்றனர். உராய்ந்தால் அதனை எலும்பு முனைக்கு முன்புறமாக இடம் மாற்றி வைப்பதும் உண்டு.

வெளிப்புறமாகத் திறந்து கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலையைச் சீராக்கும்போது, உள்ளங்கை தரையை நோக்குமாறு முன்கையைத் திருப்பி வைக்கின்றனர். அவ்வாறு திருப்பினால் விரல்களை நீட்டும் நரம்புக் கிளை அறுவை நிகழும் இடத்திலிருந்து விலகிச் செல்கிறது.

சிறு துளைகள் வழியே குழாய்க் கண்ணாடியைச் செலுத்தி மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் அறுவையும் இன்று நடைபெறுகிறது. 1931ஆம் ஆண்டில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான மைக்கேல் பர்மன், முழங்கை இம்முறைக்கு ஏற்றதன்று என்று எழுதினார். மூட்டு அவ்வளவு குறுகியது; நரம்புகள் அவ்வளவு அருகில் உள்ளன. இன்று மருத்துவர்கள் முழங்கையை 90 பாகை மடக்கி, மூட்டுக்குள் உப்பு நீரை நிரப்பி உப்பச் செய்த பிறகே துளையிடுகின்றனர். அதனால் நரம்புகள் எலும்பிலிருந்து விலகுகின்றன. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் நடைபெற்ற இத்தகைய 473 அறுவைகளை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், 12 நரம்புத் தளர்ச்சிகள் காணப்பட்டன என்றும், அவை தற்காலிகமானவை என்றும் கூறப்பட்டுள்ளது. ஆபத்து உண்டு என்பதையும், தேர்ந்த கைகளில் அது சிறிது என்பதையும் இக்கணக்கு ஒருங்கே காட்டுகிறது.

பிள்ளைகளின் முழங்கை முறிவு

ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகுதி. எலும்பு விலகியிருந்தால் அதனை நேராக்கி, தோல் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிறுத்துகின்றனர். கம்பிகள் வழக்கமாக மூன்று நான்கு வாரங்களில் எடுக்கப்படும். வெளிப்பக்கமாக மட்டும் கம்பி செலுத்தலாம். அல்லது வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று எனக் குறுக்காகவும் செலுத்தலாம். உட்பக்கத்தில்தான் அல்னார் நரம்பு உள்ளது என்பதை முன்னரே கண்டோம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் இத்தகைய 345 முறிவுகளை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வெளிப்பக்கமாக மட்டும் கம்பி செலுத்திய 125 பிள்ளைகளில் ஒருவருக்கும் அல்னார் நரம்பு கெடவில்லை. முழங்கையை மிக மடக்காமல் உட்பக்கக் கம்பி செலுத்திய 149 பேரில் 6 பேருக்குக் கெட்டது. முழங்கையை நன்கு மடக்கிய நிலையில் உட்பக்கக் கம்பி செலுத்திய 71 பேரில் 11 பேருக்குக் கெட்டது. வெளிப்பக்கக் கம்பிகளும் எலும்பை நன்கு நிறுத்தின. மடக்கும்போது நரம்பு முன்னால் வந்து கம்பியின் பாதையில் நிற்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம்.

எனவே முடிந்தவரை வெளிப்பக்கக் கம்பிகளே போதும் என்று பல மருத்துவர் கருதுகின்றனர். உட்பக்கக் கம்பி இன்றியமையாததாயின், முதலில் வெளிப்பக்கக் கம்பியால் எலும்பை நிறுத்தி, பின்னர் முழங்கையை ஓரளவு நீட்டி, தோலைச் சிறிது திறந்து நரம்பை விலக்கிக் கம்பியைச் செலுத்துகின்றனர்.

காலங்கடத்துவதால் வரும் கேட்டையும் இங்கு அறிதல் வேண்டும். வீங்கிய கையை இறுகக் கட்டினால் தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைப்படும். தசையும் நரம்பும் மடிந்து, விரல்கள் கொக்கிபோல் வளைந்து நிலைத்துவிடும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே இக்கேட்டினை விளக்கி எழுதினார். அறுவைக்கு அஞ்சிப் பத்தைக் கட்டினை நாடுவோர், அறுவையில் நேரக்கூடியதிலும் பெரிய கேட்டினை விலைக்கு வாங்குகின்றனர்.

அறுவைக்கு முன் நாம் செய்ய வேண்டுவன

முழங்கை முறிந்தது என ஐயம் தோன்றினால், கையை இழுக்கவோ நீவவோ கூடாது. இருக்கும் நிலையிலேயே தலையணையோ மடித்த சாரமோ அணைத்து, அசையாமல் தாங்க வேண்டும். வீக்கம் மிகுமுன் வளையல், மோதிரம், மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம். ஆகவே உணவும் பானமும் கொடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் அது மிக அவசரம்.

மருத்துவமனையில் விரல் சோதனை நடைபெறும். அதனை வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்ட வளையம் அமைத்தல் நடு நரம்பின் கிளைக்கான சோதனை. விரல்களை விசிறிபோல் விரித்துச் சேர்த்தல் அல்னார் நரம்புக்கானது. கட்டைவிரலை உயர்த்தி மற்ற விரல்களை நேராக நீட்டுதல் ரேடியல் நரம்புக்கானது. அழும் பிள்ளையிடம் கல், காகிதம், கத்தரி விளையாட்டை ஆடச் சொன்னாலும் இவ்வியக்கங்களுள் பெரும்பாலானவற்றைக் காணலாம். சுண்டுவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி, கட்டைவிரலின் அடியில் புறங்கை ஆகிய மூன்று இடங்களிலும் தொடு உணர்ச்சி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டியவை சில உண்டு. விழுந்த உடனே விரல் மரத்ததா? முன்பே இரவில் சுண்டுவிரல் மரப்பதுண்டா? அந்த முழங்கையில் முன்னர் அறுவை நடந்ததா? நடந்திருந்தால் நரம்பு இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம். மருத்துவர் அதனை அறியாமல் கீறினால் ஆபத்து. இனிப்பு நீர் உள்ளதா? அந்நோய் நரம்புகளை முன்னரே நலிவுறச் செய்யும். நாட்டு வைத்தியம் செய்திருந்தால் அதனையும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன், "எந்த நரம்பு அருகில் உள்ளது? அதனை எவ்வாறு காப்பீர்கள்?" என்று மருத்துவரைப் பணிவுடன் கேட்கலாம். அது குறை கூறுதல் ஆகாது, நோயாளியின் உரிமை.

அறுவைக்குப் பின்

கை முழுதும் மரக்கத் தோள் பக்கத்தில் ஊசி போட்டிருந்தால், பல மணி நேரம், சில வேளை ஒரு நாள் வரை விரல்கள் அசையாமல் இருக்கலாம். இதனைக் கண்டு கலங்க வேண்டா. ஆனால் மரப்பு எப்போது நீங்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அக்காலம் கடந்தும் நீங்காவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

மருந்து கொடுத்தும் வலி மேன்மேலும் மிகுதல், விரலை மெல்ல நீட்டிவிட்டாலே தாங்கொணா வலி, விரல்கள் வெளுத்தல், புதிதாக மரத்தல், கட்டு இறுகுவது போன்ற உணர்வு ஆகியவை அபாய அறிகுறிகள். பேசத் தெரியாத சிறு பிள்ளை ஓயாமல் அழுது புரள்வதும் அத்தகையதே. விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். உடனே கட்டைத் தளர்த்தியோ அழுத்தத்தை நீக்கியோ கையைக் காக்க முடியும்.

நரம்பு கெட்டாலும் கை என்றென்றும் கெட்டது என்று முடிவு செய்யலாகாது. ஆங்கில மருத்துவர் செட்டன் 1943ஆம் ஆண்டில் நரம்பு ஊறுகளை மூன்று தரமாக வகுத்தார். முதல் தரத்தில் நரம்பு அதிர்ச்சியுற்று வேலையை நிறுத்தியிருக்கும். சில நாள்களிலோ வாரங்களிலோ தானே தெளியும். இரண்டாம் தரத்தில் உள்ளிழைகள் அறுந்து, உறை எஞ்சியிருக்கும்; இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையிலிருந்து கைத்தசை வரை 27 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒன்பது மாதம் ஆகும். மூன்றாம் தரத்தில் நரம்பு முழுதும் துண்டுபட்டிருக்கும். அதனைத் தைத்துச் சேர்க்க வேண்டும். எந்தத் தரம் என்பதை அறியவே மருத்துவர் மீண்டும் மீண்டும் வரச் சொல்லிச் சோதிக்கிறார். அந்நாள்களைத் தவறவிடுதல் கூடாது. தசை காத்திருக்கும் காலத்திற்கும் எல்லை உண்டு.

மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெட்டும் தெரியாது. உணர்ச்சி திரும்பும் வரை அவ்விரலைக் கொதிக்கும் பாத்திரம், கத்தி, பால் உறைய வைக்கும் ஆசிட் ஆகியவற்றிலிருந்து காக்க வேண்டும். மருத்துவர் கற்பித்த பயிற்சியை நாள்தோறும் செய்து மூட்டுகள் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவை செய்த முழங்கையை அழுத்தி உருவுதல் கூடாது.

வேலையிலோ வேலைக்குச் செல்லும் வழியிலோ நேர்ந்த விபத்தாயின், உடனே தோட்ட நிர்வாகத்திற்கு அறிவித்து, மருத்துவச் சீட்டுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துக. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ வழங்கும் உதவியைக் கோர அவை தேவைப்படும்.

விடை காண்க

இப்பாடத்தை வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, பின்வரும் வினாக்களுக்கு விடை கூறிப் பார்ப்பது நலம்.

1. முழங்கை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தது போலத் தோன்றுவது ஏன்?
2. அறுவைக்கு முன்னரே விரல்களைச் சோதிப்பதன் பயன் யாது?
3. பிள்ளையின் முழங்கையை நன்கு மடக்கிய நிலையில் உட்பக்கக் கம்பி செலுத்துவதில் உள்ள ஆபத்து யாது?
4. அறுவைக்குப் பின் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள் எவை?

அறுவை அறையில் நரம்பைக் காப்பது மருத்துவரின் கடமை. கையைக் காலந்தாழ்த்தாமல் அவரிடம் சேர்ப்பதும், விரல்களின் நிலையை உள்ளவாறு உரைப்பதும், அபாய அறிகுறியைக் கண்டதும் விரைவதும் நம் கடமை. இவ்விரு கடமைகளும் ஒன்றுசேர நிறைவேறினால், முறிந்த கையும் மீண்டும் கத்தி பிடிக்கும் நாள் வரும்.